இரண்டாவது நகர்விலேயே வெளியே வந்த ராஜா

என் மூக்குக்கு நேரே வெள்ளை ராஜா நின்றுகொண்டிருந்தார். புது வார்னிஷ் வாசம் வந்தது. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அவரை ஒரு உருட்டு உருட்டி, மோந்து பார்த்து, 'இன்னும் ரெண்டு நாள் காய வேண்டிய சரக்கு' என்று மனசுக்குள் தரமும் பிரித்து முடித்த பிறகுதான், எதிரே இருந்தவர் என்னைப் பார்க்கிற விதம் உறைத்தது.

"பாய், ராஜாவைத் தொட்டுட்டீங்க" என்றார் தங்கவேல் சார்.

தொட்டேனாவது. பச்சைப் பிள்ளையைத் தூக்கி உச்சி மோந்த கணக்கில் அல்லவா உட்கார்ந்திருந்தேன். தெரியாமல் கை பட்டுவிட்டது என்று சொல்லவும் வழியில்லை. மூக்கு உயரத்துக்குத் தூக்கிய காயில் தெரியாமல் கை பட்டது என்று யார் நம்புவார்கள்?

போட்டிச் சதுரங்கத்தில் ஒரு காயைத் தொட்டால் அந்தக் காயைத்தான் ஆட வேண்டும். அழுதாலும் ஆட வேண்டும். அதுவரை நான் ஆடியிருந்தது ஒரே ஒரு நகர்வு. ராஜாவுக்கு முன்னால் நின்ற சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளியிருந்தேன். சாரும் அதையே செய்திருந்தார். இப்போது என் ராஜா போகக்கூடிய இடம் உலகத்திலேயே ஒன்றுதான். அந்தச் சிப்பாய் காலி செய்துவிட்டுப் போன கட்டம்.

சதுரங்கம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆட்டத்தின் ஆரம்பத்தில் ராஜாவை முன்னால் நகர்த்துவது என்பது, கடை வீதியில் திருடன் நடமாட்டம் என்று கேள்விப்பட்டதும் கல்லாப் பெட்டியைத் தூக்கி வாசலில் வைப்பது மாதிரி. யாரும் செய்ய மாட்டார்கள். நான் வைத்தேன். ஆட்டக் கடிகாரத்தை அமுக்கி, சாரின் நேரத்தை ஓட விட்டேன்.

மரம் விழுந்த காலை

இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து படிக்கிறவர்களுக்கு என் மகள் நஸ்ரினைத் தெரியும். போன வாரம் பல்லி விழுந்த கதையில் நாற்காலி மேல் ஏறி நின்றது நான், பல்லியைப் பிடித்து வெளியே விட்டது அவள். அவளேதான்.

மதுரையில் எம்.எஸ்ஸி. கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். சதுரங்கத்தில் எங்கள் வட்டாரத்தில் அவளை ஜெயிக்க ஆள் கிடையாது. ஆனால் வட்டாரப் போட்டிகளில் அண்டா அண்டாவாகக் கோப்பை வாங்கினாலும் பெயருக்குப் பக்கத்தில் தரப்புள்ளி என்ற ஒன்று ஏறாது. அது ஏற வேண்டுமென்றால், ஏற்கெனவே அதை வைத்திருப்பவர்களோடு மோத வேண்டும். அவர்கள் சென்னைக்கு வருவார்கள். எங்கள் ஊர் போடிக்கு வர மாட்டார்கள்.

சென்னையில் நடக்கும் மாநிலப் போட்டிக்கு மாவட்டத்தில் ஜெயிக்கிற ஒரே ஓர் அணிதான் போகும். ஓர் அணிக்கு நாலு பேர். படிப்பு முடிந்ததும் வேலை, வேலை கிடைத்ததும் கல்யாணம் என்று எங்கள் வீட்டில் பேச்சு அடுப்பில் ஏறியிருந்த சமயம். இந்தத் தடவை விட்டால் அப்புறம் இல்லை என்று அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அந்த வாரம் முழுக்கச் சாப்பிடும்போதுகூட தட்டைப் பார்க்காமல் எங்கேயோ பார்த்துக்கொண்டு சாப்பிட்டாள்.

மாவட்டப் போட்டி போடியிலேயே ஒரு கல்யாண மண்டபத்தில். எல்லாச் சுற்றும் முடிந்து கடைசியில் எங்கள் அணிக்கும் கம்பம் அணிக்கும் மோதல். புள்ளியில் நாங்கள் ஒரு மயிரிழை முன்னால். சமன் செய்தாலே சென்னை. தோற்றால் அவர்கள் சென்னை.

நான் போனது வேடிக்கை பார்க்க. மத்தியானம் பிரியாணி போடுவதாகக் கேள்விப்பட்டது இரண்டாவது காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டம் தொடங்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது நஸ்ரினின் போன் அடித்தது. எங்கள் அணியின் நாலாவது ஆள் பிஜு. போடிமெட்டுக்கு மேலே ஓர் எஸ்டேட்டில் மேஸ்திரி. "மோளே, ரோட்டுல பெரிய மரம் வீணு கெடக்கு. ஒரு ஜீப்பும் எறங்கல. நான் நடந்து வந்தா நாளைக்குத்தான் எத்தும்" என்று அவன் தன் மலையாளத் தமிழில் கத்தியது எனக்கே கேட்டது.

நஸ்ரின் போனை வைத்துவிட்டு மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தாள். பார்வை வந்து வந்து என் மேலேயே நின்றது. மாற்று ஆட்டக்காரர் என்ற இடத்தைச் சும்மா விடக்கூடாதே என்று விண்ணப்பத்தில் என் பெயரைப் போட்டு வைத்திருந்தாளாம். வீட்டில் கொசுவலை வாங்கி வைத்திருப்பதைப் போல.

"போட்டியிலெல்லாம் நான் ஆடுனதே இல்லையேம்மா" என்றேன்.

"பரவால்ல. நான் சொல்ற நாலு நகர்வை மட்டும் ஆடுங்க. மொதல்ல சிப்பாய். அப்புறம் குதிரை. அப்புறம் பிஷப்பு. அப்புறம் கோட்டை கட்டி ராஜாவை உள்ள வச்சுப் பூட்டிருங்க. அதுக்கப்புறம் அல்லா விட்ட வழி."

இத்தாலியர்கள் கண்டுபிடித்த தொடக்கம் என்று ஒரு பெயரும் சொன்னாள். நாலு நகர்வு. காலையில் பல் விளக்கிக் குளித்துச் சட்டை போடுவதற்கே அதைவிட அதிக நகர்வுகள் தேவை. அதில் நான் ஒன்றைத்தான் சரியாக ஆடினேன்.

விரல்கள் செய்த சதி

இதற்கு என் தொழிலைத்தான் சொல்ல வேண்டும்.

நான் ஏலக்காய் வியாபாரி. போடியில் ஏலத்துக்கு வரும் ஒவ்வொரு லாட்டு மூட்டைக்கும் தட்டில் கொஞ்சம் மாதிரி கொட்டி வைப்பார்கள். இப்போது விலை கேட்பதெல்லாம் கம்ப்யூட்டரில் பட்டனைத் தட்டித்தான். ஆனால் கம்ப்யூட்டருக்கு மூக்கு இல்லையே. ஒரு காயை எடுக்க வேண்டும், உருட்ட வேண்டும், மோந்து பார்க்க வேண்டும், பிறகு நகத்தால் கீறி உள்ளே ஏலரிசி கறுப்பாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காயை எடுக்கும்போது புத்தி வேறெங்காவது இருக்கும். எதிர் நாற்காலிக்காரன் என்ன விலைக்குப் போவான் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். கை தன் சோலியைத் தானே பார்க்கும்.

இதையே கல்யாணமான நாளிலிருந்து இன்றுவரை செய்துகொண்டிருந்தால் கை சும்மா இருக்குமா? என் மச்சினன் மகள் நிச்சயதார்த்தத்தில், மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த தட்டிலிருந்து ஒரு பாதாமை எடுத்து உருட்டி மோந்துவிட்டு, "ரெண்டாம் தரம்" என்று சொல்லிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை, பாதாமிடம்தான் சொன்னேன். ஆனால் பக்கத்தில் இருந்தது மாப்பிள்ளையின் தாய்மாமன். அன்றைக்கு அந்தச் சம்பந்தம் முறியாமல் தப்பியதே பெரிய காரியம். முடி வெட்டும் கடையில் சோப்பு, மருந்துக் கடையில் மாத்திரை, ஒருமுறை சுங்கச் சாவடிக்காரர் நீட்டிய பேனா மூடி, எதையும் இந்த விரல்கள் விட்டு வைத்ததில்லை.

அன்றைக்கு அந்தப் பலகையில் பதினாறு காய்கள் எனக்கு முன்னால் தட்டில் கொட்டியது போல நின்றன. நான் நஸ்ரின் சொன்ன குதிரை எந்தப் பக்கத்துக் குதிரை என்ற மகா யோசனையில் இருந்தேன். கை எதை எடுத்தது என்று கண்ணுக்கே தகவல் வரவில்லை.

பனியில் படித்த படிப்பு

'நாலு நகர்வு தெரியாதவர் எப்படி மாற்று ஆட்டக்காரர் ஆனார்' என்று கேட்பீர்கள். நானும் ஆடியவன்தான். போடிமெட்டில்.

சரக்கு எடுக்க மேலே போனால் திரும்பும்போது பல நாள் பனி இறங்கிவிடும். முன்னால் போகிற ஜீப்பின் பின்விளக்கு தெரியாது. டீக்கடையில் ஒதுங்கி, டிரைவர்களும் நாங்களுமாகப் பலகையைப் போடுவோம். அந்தப் பெட்டியில் பாதிச் சிப்பாய்கள் காணாமல் போயிருந்தன. அந்த இடங்களில் ஏலக்காய் வைத்து ஆடுவோம். ஒரு தடவை நான் ஜெயிக்கிற நிலையில் இருந்தபோது, எதிராளி யோசனையில் என் சிப்பாயை எடுத்து வாயில் போட்டு மென்றுவிட்டான். ராணியாக மாற ஒரே கட்டம் பாக்கி இருந்த சிப்பாய். வாசம் மட்டும் வந்தது.

அங்கே தொட்டால் ஆட வேண்டும் என்றெல்லாம் கிடையாது. குளிருக்குக் காயைக் கையில் வைத்துக்கொண்டு யோசிப்போம். ராஜா நகர இடமில்லாமல் அடைபட்டுப் போனால் தோல்வி. தோற்றவன் டீ வாங்கித் தர வேண்டும். இவ்வளவுதான் நான் படித்த சட்டம்.

சாரின் சந்தேகம்

கல்யாண மண்டபத்துக்குத் திரும்புவோம். என் ராஜா வாசலில் நிற்கிறார்.

தங்கவேல் சார் கம்பத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். சதுரங்கப் புத்தகங்களைப் பைண்டு பண்ணி வைத்துப் படிக்கிற ரகம். என் நகர்வைத் தாளில் எழுதினார். எழுதியதைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பலகையைப் பார்த்தார்.

ராஜா அங்கேயே நின்றார்.

பிற்பாடு அவரே எனக்குச் சொன்னது இது. இணையத்தில் பெரிய பெரிய ஆட்டக்காரர்கள் எதிராளியைக் கேலி செய்வதற்காகவே இந்த நகர்வை ஆடுகிறார்களாம். அதற்கு இங்கிலீஷில் ஒரு பெயரும் உண்டாம். அவருடைய பழைய மாணவர்கள் போனில் காட்டியிருக்கிறார்கள். ஆக, ஏலக்காய்க் கடை பாய் ஒருவர் ராஜாவை எடுத்து மோந்து பார்த்ததே நாடகம், உள்ளே ஏதோ பெரிய சூழ்ச்சி இருக்கிறது என்று சார் முடிவு கட்டிவிட்டார்.

என் முகமும் அதற்கு ஒத்தாசை செய்தது. ஏலத்தில் கையைச் சுட்டுக்கொண்டால் வெளியே தெரியக்கூடாது என்பதற்காக, பயம் வந்ததும் லேசாகச் சிரிக்கிற மாதிரி என் முகம் பழகிப் போயிருக்கிறது. பயம் கூடக்கூடச் சிரிப்பும் கூடும். அன்றைக்கு நான் கிட்டத்தட்ட மாப்பிள்ளைக் களையோடு உட்கார்ந்திருந்தேன். சட்டைக்குள் முதுகு ஊற்றாகக் கொட்டிக்கொண்டிருந்தது.

சார் யோசித்தார். டீ வந்து, ஆறி, ஆடை கட்டியது. அவர் கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு குதிரையை, கண்ணிவெடி மேல் வைக்கிற பக்குவத்தோடு வைத்தார்.

நான் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன். இனி முடிவு செய்த பிறகுதான் வலது கைக்கு விடுதலை. என் பிஷப்பும் ராணியும் ராஜாவின் முதுகுக்குப் பின்னால் வழியில்லாமல் நின்றார்கள். டவுன் பஸ்சில் படிக்கட்டில் நிற்கிற ஆள் மாதிரி, அவர் உள்ளேயும் போக மாட்டார், இறங்கவும் மாட்டார்.

தூரத்தில் முதல் பலகையில் இருந்த நஸ்ரின் எழுந்து வந்து என் பலகையை ஒரு பார்வை பார்த்தாள். ராஜா இருந்த இடத்தைப் பார்த்தாள். நேரே போய்த் தண்ணீர் குடித்தாள். நிறையக் குடித்தாள்.

ஒன்றரைக்கு ஒன்றரை

அப்புறம் நடந்ததை விவரிக்க எனக்கே இரக்கமாக இருக்கிறது. முதலில் என் குதிரை ஒன்று போனது. பிறகு ஒரு யானை. ராணிக்கு ராணி வெட்டுப்பட்டது. சிப்பாய்கள் ஒவ்வொன்றாகப் பலகையை விட்டு இறங்கினார்கள். ஒவ்வொரு காயை வெட்டும்போதும் சார், இது எதற்காகத் தரப்படுகிறது என்று நீண்ட நேரம் ஆராய்ந்த பிறகே வெட்டினார். நான் தரவில்லை. போயின.

இதற்குள் நஸ்ரின் ஜெயித்துவிட்டாள். இரண்டாவது பலகையில் குரங்கணி ஜீப் டிரைவர் பாண்டி தோற்றுவிட்டான். மூன்றாவது பலகை டிரா. ஒன்றரைக்கு ஒன்றரை. மிச்சம் இருந்தது நான்.

மண்டபமே என் மேஜையைச் சுற்றி வந்துவிட்டது. நான் தோற்காமல் இருந்தால் நஸ்ரினுக்குச் சென்னை. என் பக்கத்தில் தனி ராஜா, அவர் பக்கத்தில் ராஜாவும், சிப்பாய் மாறிப் புதிதாகப் பிறந்த ராணியும். பாண்டி தொண்டையைச் செருமினான். ஏதோ ஜாடை சொல்கிறான் என்று நடுவர் நினைத்தார். அவர் மேடையில் மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், வேறு நாற்காலி இல்லை. அங்கிருந்தே, இனி போடி அணியிலிருந்து ஒரு சத்தம் வந்தாலும் ஆட்டத்தைக் கம்பத்துக்கே எழுதிவிடுவேன் என்றார். நஸ்ரின் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

என் ராஜா ஓடினார். வாசலில் ஆரம்பித்தவர் தெருத்தெருவாக ஓடிக் கடைசியில் பலகையின் மூலைக்குப் போய் ஒட்டிக்கொண்டார். சாரின் கடிகாரத்தில் இப்போது நொடிகள்தான் மிச்சம். இரண்டாவது நகர்விலிருந்தே என்னைப் பற்றி யோசித்து யோசித்து நேரத்தையெல்லாம் தின்றிருந்தார். அவசரமாக ராணியைத் தூக்கி என் ராஜாவிலிருந்து ஒரு குதிரை பாய்கிற தூரத்தில் டக்கென்று வைத்துக் கடிகாரத்தை அடித்தார்.

நான் பார்த்தேன். இந்தப் பக்கம் போனால் ராணி. அந்தப் பக்கம் போனாலும் ராணி. நேராகப் போனாலும் அவளே. போடிமெட்டுச் சட்டப்படி ராஜா அடைபட்டாயிற்று. டீ என் கணக்கு.

எழுந்தேன். கையை நீட்டினேன். "தோத்துட்டேன் சார். நல்ல ஆட்டம்."

சார் கையைப் பிடித்துக் குலுக்கினார். பாவம், அவர் உள்ளங்கையும் நனைந்திருந்தது. கம்பத்துக்காரர்கள் பின்னால் ஒருவர் தோளை ஒருவர் தட்டினார்கள். நான் பேனாவை எடுத்து, முடிவு எழுதும் இடத்தைத் தேடினேன். நஸ்ரினைப் பார்க்கத் தைரியம் இல்லை. ஆனாலும் பார்த்துவிட்டேன். வாயைப் பொத்திய கைகளுக்கு மேலே கண்கள் இரண்டும் முட்டை மாதிரி இருந்தன. அழுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

சார் காய்களை எடுத்து வைக்கக் குனிந்தார். ராணியிடம் போன கை அப்படியே நின்றது.

பின்னால் அவருடைய ஆட்கள் ஜீப் சொல்லப் போய்க்கொண்டிருந்தார்கள். நான் தாளில் பூஜ்யத்துக்குப் பாதி வளைவு போட்டிருந்தேன்.

"பாய், எழுதாதீங்க" என்றார்.

"ஏன் சார்?"

"நான் செக் சொல்லல. செக்கும் இல்ல, உங்களுக்கு நகர எடமும் இல்ல. இது தோல்வி இல்ல, டிரா."

எனக்குப் புரியவில்லை. புரியாத இடத்தில் மரியாதையாக நடந்துகொள்வது என் வழக்கம். "பரவால்ல சார், இருக்கட்டும். நீங்க ஜெயிச்சதாவே போட்டுக்கங்க" என்றேன்.

நஸ்ரினின் கைகளுக்குள்ளிருந்து குக்கர் விசில் மாதிரி ஒரு சத்தம் கிளம்பி அடங்கியது.

"அதெல்லாம் இல்ல, டிராதான்."

"காய் பூராவும் உங்ககிட்டதான் சார் கெடக்கு. நான் மனசாரத்தான் சொல்றேன்."

சார் கண்ணாடியைக் கழற்றினார். "யோவ் பாய். காலம்பூரா பிள்ளைங்க பேப்பர் திருத்துனவன்யா நான். தப்பான விடைக்கு மார்க்குப் போட்டுப் பழக்கமில்ல. என் பேப்பரா இருந்தாலும் சரி. டிரான்னு எழுதும்."

நடுவர் மாப்பிள்ளை நாற்காலியை விட்டு இறங்கி வந்தார். பலகையைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "ராணியை வச்ச நிமிசமே ஆட்டம் முடிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் பாய் கை குடுத்தாலும் செல்லாது, கால்ல விழுந்தாலும் செல்லாது" என்று சொல்லி எங்கள் இருவர் தாளிலும் கையெழுத்துப் போட்டார்.

எனக்கு அப்போதுதான் விஷயம் முழுசாக இறங்கியது. இறங்கிய வேகத்தில் தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு வந்தது. அது பயச் சிரிப்பா உண்மைச் சிரிப்பா என்று எனக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை. பாண்டி என்னை நாற்காலியோடு தூக்கப் பார்த்து, முடியாமல் நாற்காலியை மட்டும் தூக்கினான். நான் தரையில் இருந்தேன். தரையும் நன்றாகத்தான் இருந்தது.

நஸ்ரின் என்னிடம் வரவில்லை. நேரே தங்கவேல் சாரிடம் போனாள். சார் அவள் தலையில் கை வைத்து, "போய் ஒழுங்கா ஆடிட்டு வா. நான் குடுத்த எடம் அது" என்றார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "உங்க அத்தா எங்க படிச்சாரு அந்தத் தொடக்கத்தை?" என்று கேட்டார்.

"படிக்கல சார். அவருக்கு வந்துச்சு" என்றாள்.

வீடு திரும்பும் வழியில்

பிரியாணி தீர்ந்து போயிருந்தது. எனக்குப் பசிக்கவும் இல்லை. மண்டபத்து வாசலில் நின்று, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் ஆட்டத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். முதல் ஆளிடம் அதிர்ஷ்டம் என்றேன். இரண்டாவது ஆளிடம் கொஞ்சம் அதிர்ஷ்டம் என்றேன். ஏலக்கடை ஆட்கள் வந்து சேர்ந்தபோது, சாரை மூலைக்கு இழுத்து வருவதற்காகவே ராஜாவை முதலில் வெளியே எடுத்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"அத்தா, அவரு குடுத்தது அந்த டிரா. நீங்க வாங்கக்கூட மாட்டேன்னீங்க. ஊருக்குள்ள மாத்திச் சொல்லாதீங்க" என்று நஸ்ரின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். ஆனால் அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். ஒரு வாரமாக எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்த பெண் அன்றைக்குத்தான் எதிரே இருப்பதைப் பார்த்தாள். ஐஸ் வண்டியைப் பார்த்தாள். எனக்கு ஒன்று, அவளுக்கு இரண்டு வாங்கினாள்.

அப்போதுதான் பிஜு கூப்பிட்டான். மரத்தை வெட்டி ஓரமாகத் தள்ளிவிட்டார்களாம். அவள் விஷயத்தைச் சொன்னதும் மலையே கேட்கிற மாதிரி கூவினான். பிறகு குரல் இறங்கியது. சென்னைப் போட்டி நடக்கிற வாரம் எஸ்டேட்டில் பறிப்பு உச்சத்தில் இருக்கும், மேஸ்திரியை விடவே மாட்டார்கள் என்றான். "சாரமில்ல மோளே, பரவால்ல. அதான் உங்க வாப்பா இருக்காரே" என்றான்.

அணி விண்ணப்பத்தில் இருப்பது ஐந்தே பெயர். பிஜு போனால் மிச்சம் நாலு. அந்த நாலில் ஒருவன் அப்போது ஐஸை நக்கிக்கொண்டிருந்தான்.

நஸ்ரின் போனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கையில் இருந்த ஐஸ் உருகி முழங்கை வரை வழிந்தது. அவள் துடைக்கவில்லை.

"அத்தா."

"சொல்லும்மா."

"சென்னைல யாராச்சும் நீங்க யாருன்னு கேட்டா, எங்க டீம் டிரைவர்னு சொல்லுங்க."

சொல்லிவிடலாம். எனக்கு அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. நாங்கள் பஸ்சில் போகிறோம் என்பதுதான் கொஞ்சம் இடிக்கிறது.